காத்திருக்கலாம், பின்னால் வண்டி வந்தால்

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் விடியற்காலையிலேயே ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக வந்து ஏறுவார்கள். ஆள் நிறைந்தால் ஜீப் கம்பமெட்டைப் பார்த்துக் கிளம்பும். நிறையாவிட்டால் நிற்கும். கடைசியாக ஓடிவந்த பெண்ணுக்கு உள்ளே இடமில்லை என்றால், "அக்கா, பின்னாடியே வண்டி வருது, அதுல ஏறிக்கங்க" என்பார் டிரைவர். அந்த அக்காவும் முகம் சுளிக்காமல் ஒதுங்கி நிற்பார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டு முடிப்பதற்குள் அடுத்த ஜீப் வந்துவிடும்.

இடம் உறுதியில்லை, இருந்தால் ஏறிக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடு எங்கே நியாயமாக நடக்கும் என்பதற்கு அந்த ஜீப் ஸ்டாண்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. விமானத்தில் இதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி. என்கிறோம். இது நல்ல முறையா, கெட்ட முறையா என்று பொதுவாகக் கேட்டால் விடை பிடிபடாது. கூடலூரிலிருந்தோ சின்னமனூரிலிருந்தோ சென்னைக்குப் போக வேண்டிய ஒருவருக்கு இது என்ன செய்கிறது என்று கேட்டால் பிடிபடும். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். காத்திருப்போர் பட்டியல் அடிப்படையில் நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் பின்னாலேயே வண்டி வருகிற ஊருக்குத்தான் அது நேர்மை. அடுத்த வண்டி இரண்டு நாள் கழித்து வருகிற ஊரில் அதே பட்டியல் மனிதரை அலைக்கழிக்கிறது.

விமானத்தை முதலில் பார்த்துவிடலாம். தேனி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது, மதுரைக்குத்தான் போக வேண்டும். என்றாலும் அங்கே நடப்பதைப் பார்த்தால் ரயிலில் நடப்பது தெளிவாகும். சந்தையில் மிஞ்சிய தக்காளியை மறுநாள் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். கிளம்பிவிட்ட விமானத்தின் காலி இருக்கையை எந்த விலைக்கும் விற்க முடியாது. டிக்கெட் எடுத்துவிட்டு வராமல் போகிறவர்கள் எல்லா நாளும் சிலர் உண்டு. அதனால் கம்பெனிகள் இரண்டு காரியம் செய்கின்றன. இருக்கிற இடத்துக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக டிக்கெட் விற்கின்றன. கூடவே, வாசலருகே சிலரை நிறுத்திவைத்து, கதவு சாத்தும் முன் மிச்சமுள்ள இடத்தில் ஏற்றிக்கொள்கின்றன. இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர், அதே நாளில் முந்திய விமானத்தில் போக நினைப்பவர், கம்பெனி ஊழியர், அவர் குடும்பத்தார் ஆகியோரே இப்படி நிற்பவர்கள். இந்த வரிசையில் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது கிடையாது. எவ்வளவு கட்டணத்தில் டிக்கெட் எடுத்தார், அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் அட்டையில் எந்தப் படியில் இருக்கிறார் என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் எப்போது வந்து பதிந்தார் என்பதைப் பார்ப்பார்கள். ஊழியர்கள் பெரும்பாலும் கடைசி.

காத்திருப்பதே ஏழைக்கான வழியாக இருந்த காலமும் விமானத்துக்கு உண்டு. 1977 செப்டம்பர் 26 அன்று பிரெடி லேக்கர் என்ற ஆங்கிலேயர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 'ஸ்கைட்ரெயின்' என்று ஒரு விமான சேவை தொடங்கினார். முன்பதிவே கிடையாது. அன்றன்றைக்கு வரிசையில் நின்று 59 பவுண்டுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏற வேண்டியதுதான். மாணவர்களும் வேலை தேடிப் போனவர்களும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து வரிசையில் படுத்தார்கள். பெரிய கம்பெனிகளும் பயந்துபோய் மலிவான ஸ்டாண்ட்பை கட்டணங்களைக் கொண்டுவந்தன. 1982 பிப்ரவரியில் லேக்கர் திவாலானார். ஆனால் அந்த நான்கரை ஆண்டுகளில் ஒரு பேரம் வெளிப்படையாக நடந்தது: உறுதி வேண்டாம் என்கிறாயா, அப்படியானால் விலையைக் குறைத்துக்கொள். உறுதி இல்லாததற்கு ஒரு விலை உண்டு, அதைப் பயணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ரயிலுக்கு வரும்போது இது தேவைப்படும்.

கூடுதலாக டிக்கெட் விற்றதால் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1972இல் அமெரிக்க நுகர்வோர் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் உறுதியான டிக்கெட்டோடு போய் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். அவர் போட்ட வழக்கு 1976இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகுதான், விட்டுக்கொடுக்க விருப்பமுள்ளவர் யார் என்று முதலில் கேட்டு, அவருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. விதி இருந்தும் 2017 ஏப்ரலில் சிகாகோவில் ஒரு மருத்துவரை இருக்கையிலிருந்து இழுத்துக்கொண்டு போனதை உலகமே பார்த்தது. இந்தியாவிலும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதற்குத் தொகை நிர்ணயித்திருக்கிறது. ஏற விடாமல் நிறுத்திய பயணிக்கு ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் ஈடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் கட்டணத்தைப் போல இரு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேலானால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000. இதைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று 2022 ஜூனில் ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் அபராதம் விதித்தார்கள்.

இனி ரயிலுக்கு வருவோம்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது 1928இல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். அந்த மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்க 2010 கடைசியில் மூடினார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு மேல் தேனி மாவட்டத்தில் ரயில் சத்தமே கிடையாது. 2022 மே 26இல் தேனி வரையும், 2023 ஜூன் 15இல் போடி வரையும் ரயில் திரும்பி வந்தது. அந்த ஜூனில்தான் சென்னை சென்ட்ரல் போகும் விரைவு வண்டியும் போடிக்கு நீண்டது. போடியிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வாரம் மூன்று இரவு. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், கூடலூர் ஆகிய ஊர்களுக்கு ரயிலே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்குப் பாதை வேண்டும் என்பது இன்றும் கோரிக்கையாகத்தான் நிற்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பஸ் பிடித்துத் தேனிக்கு வந்துதான் ரயில் ஏற வேண்டும்.

இந்தச் சென்னை வண்டியில் டிக்கெட் போடும்போது திரையில் வரும் எழுத்துகளை நம்மில் பலர் ஜாதகக் கட்டம்போலத்தான் பார்க்கிறோம். '32, 11' என்று இரண்டு எண்கள் இருந்தால் முதல் எண் டிக்கெட் எடுத்தபோது நமக்குக் கிடைத்த இடம், இரண்டாவது இன்றைக்கு நிற்கிற இடம். நமக்கு முன்னால் 21 பேர் கழிந்திருக்கிறார்கள். முன்னால் இருப்பவர் ரத்து செய்தால் ஒவ்வொன்றாக நகரும். வண்டி கிளம்பும் முன் யாருக்கு எந்த இடம் என்று சார்ட் போடும் வேளையில் மொத்தமாக நகரும். ஏனென்றால் பெண்களுக்கு, மூத்தவர்களுக்கு, தட்கலுக்கு, உயர் அதிகாரிகளுக்கு என்று தனித்தனியே ஒதுக்கிவைத்ததில் விற்காமல் மிஞ்சியது அப்போதுதான் பொதுப் பட்டியலுக்கு அவிழ்த்துவிடப்படும். கடைசி நேரத்தில் பதினைந்து இருபது எண்கள் சரசரவென்று இறங்குவதன் ரகசியம் இதுதான். மந்திரம் ஒன்றும் இல்லை.

இந்த முறையின் பெரிய பலம் என்று நான் நினைப்பது, அது ஆளைப் பார்ப்பதில்லை. விமான வாசலில் யாருடைய அட்டை தங்கநிறம் என்று பார்ப்பதுபோல இங்கே பார்ப்பது கிடையாது. ஏல வியாபாரிக்கும் ஏலக்காய் பறிக்கிற பெண்ணின் மகனுக்கும் ஒரே வரிசை, முன்னால் பதிந்தவருக்கு முன்னுரிமை. எண் கைபேசியில் தெரிகிறது. நேற்று 11, இன்று 7 என்று எந்தக் குமாஸ்தாவையும் கெஞ்சாமல் பார்த்துக்கொள்ளலாம். 1980களின் நடுவில் கணினி முன்பதிவு வரத் தொடங்கும் முன்பு இதெல்லாம் தடித்த பேரேட்டில், கவுண்டருக்கு உள்ளே இருந்தவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. எண் நம் கைக்கு வந்ததைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. வண்டியும் காலியாக ஓடுவதில்லை. இவ்வளவு மக்கள்தொகையும் இவ்வளவு குறைந்த பெட்டிகளும் உள்ள நாட்டில் ஒரு படுக்கை வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் எந்த முறையையும் நான் லேசில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரே வரிசை என்று சொன்னேனே, அதில் ஒரு திருத்தம் உண்டு. வரிசை ஒன்றில்லை. வண்டி புறப்படும் ஊரிலோ அதற்கு அருகிலோ ஏறி நெடுந்தூரம் போகிறவர்களுக்குப் பொதுப் பட்டியல். நடுவழி ஊர்களில் ஏறுகிறவர்களுக்கு வேறொரு பட்டியல். குறைந்த தூரம் போகிற சிலருக்குப் பல ஊர்களைச் சேர்த்துக்கட்டிய இன்னொரு பட்டியல். தட்கலுக்கு மற்றொன்று. பொதுப் பட்டியலில் 40 என்ற எண்ணுக்குக்கூட இடம் கிடைத்துவிடலாம். நடுவழிப் பட்டியலில் 6 என்ற எண் கடைசிவரை அசையாமல் கிடக்கலாம். அந்த ஊருக்கென்று ஒதுக்கிய சில படுக்கைகளில் யாராவது ரத்து செய்தால்தான் அது நகரும். தட்கல் காத்திருப்பு இன்னும் மோசம். அது இரண்டு பேருக்கு ஒரு படுக்கை என்கிற ஆர்.ஏ.சி. ஆவதே இல்லை, நேராக இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சார்ட் போடும்போது பொதுப் பட்டியலுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள்.

ரயில் இல்லாத அந்தப் பதினோரு ஆண்டுகளில் எங்கள் பக்கத்துக்காரர்கள் பாதிப்பேர் கொடைரோட்டிலும் திண்டுக்கல்லிலும் போய் ஏறினோம். வேறு ஊரில் புறப்பட்டு வேறு ஊர் வழியாக வருகிற வண்டியில் நாங்கள் நடுவழிக்காரர்கள். எண் சிறியதாக இருக்கிறதே என்று நம்பிப் பெட்டி கட்டிக்கொண்டு போய் ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். எந்தப் பட்டியல் என்பதைக் குறிக்கும் அந்த இரண்டெழுத்துக்கு என்ன பொருள் என்று டிக்கெட்டில் தமிழில் ஒரு வரி அச்சடித்திருந்தால் அந்த ஏமாற்றம் பாதியாகக் குறைந்திருக்கும். போடியிலிருந்தே வண்டி புறப்படுவதால் இன்று இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிடைத்திருக்கும் பெரிய லாபம் பொதுப் பட்டியலில் இடம். ரயில் வேண்டும் என்று கூட்டம் கூட்டி மனு கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த லாபம் தெரிந்திருந்ததோ, புறப்படும் ஊர்க்காரன் என்ற தகுதி எங்களுக்கு வந்துவிட்டது.

அந்த நாட்களில் ஓர் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பஸ்ஸில் திண்டுக்கல் வந்து ஏறினேன். வெயிட்டிங்கிலிருந்து ஆர்.ஏ.சி.க்கு வந்திருந்த டிக்கெட். ஜன்னலோரப் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை. எதிரெதிரே இரண்டு இருக்கை, சாய்மானங்களைக் கீழே மடக்கினால் நடுவில் ஒரு பள்ளத்தோடு படுக்கை ஆகும். எதிர் இருக்கையில் சுருளிப்பட்டிக்காரப் பெரியவர், எழுபது வயது இருக்கும். காலடியில் பன்னீர்த் திராட்சைப் பெட்டி, மடியில் மஞ்சப்பை. மகளுக்கு வளைகாப்பு என்றார். கரூர் தாண்டியபோது கண் சொக்கியது. "நீங்க படுங்கய்யா, நான் உக்காந்துக்கறேன்" என்றேன். "வேணாந் தம்பி, தண்ணி பாய்ச்ச ராவெல்லாம் முழிச்சுப் பழகுன ஒடம்பு. நீ காலை நீட்டு" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் சாய்மானத்தை மடக்கி, அவர் தலை ஒரு பக்கம், என் தலை மறுபக்கம் என்று ஒருக்களித்துப் படுத்தோம். என் கால் அவர் விலாவில் இடிக்காமல் இருக்க முழங்காலை மடக்கியே வைத்திருந்தேன். அவர் திராட்சைப் பெட்டியை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று விடிய விடிய ஒரு கையைக் கீழே தொங்கப்போட்டிருந்தார். விடிந்து இறங்கும்போது ஒரு கொத்தை எடுத்துக் கையில் திணித்தார்.

டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். படுக்கை உறுதியானவர் கொடுத்த அதே கட்டணம்தான் எனக்கும். பெரியவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு படுக்கைக்கு இரண்டு முழுக் கட்டணம்.

ஆர்.ஏ.சி.யை முழுதாக ஒழிக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. சாவு வீட்டுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் போகிறவருக்கு உட்கார ஓர் இடத்தோடு ஊர் போய்ச் சேர்வது என்பது எவ்வளவோ பெரிது. வராதவர்களின் படுக்கையை டி.டி.ஆர். நடுவழியில் முதலில் கொடுப்பதும் ஆர்.ஏ.சி.க்காரருக்குத்தான். இப்போது அவர் கையில் இருக்கும் கருவியில் காலி இடம் உடனே ஏறிவிடுவதால் இது முன்னைவிட ஒழுங்காக நடக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு பேருக்கும் தனித்தனிப் போர்வை, தலையணை தர வேண்டும் என்றும் வந்துவிட்டது. எல்லாம் சரி. ஆனால் போய்ச் சேரும்வரை படுக்கை கிடைக்காதவரிடம் படுக்கைக் கட்டணம் வாங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. லேக்கரின் வரிசையில் உறுதி இல்லாதவருக்கு விலை குறைந்தது. இங்கே பாதிப் படுக்கைக்கு முழு விலை. உட்காரும் இருக்கைக்கு ஒரு கட்டணம், படுக்கைக்கு ஒரு கட்டணம் என்று ரயில்வேயிடமே கணக்கு இருக்கிறது. வண்டி போய்ச் சேர்ந்ததும் யாருக்குப் படுக்கை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது டி.டி.ஆர். கருவியிலேயே பதிவாகியிருக்கிறது. வித்தியாசத்தைத் தானாகவே கணக்கில் போட்டுவிடலாம்.

இடமே கிடைக்காதவரின் கணக்கு இதைவிட வருத்தம் தருவது. இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்காகவே நின்றால் தானாக ரத்தாகிவிடும். பணம் திரும்பி வரும், ஆனால் ஆளுக்கு 60 ரூபாயும் வரியும் கழித்துக்கொண்டு. இணையக் கட்டணம் திரும்ப வராது. நான்கு பேர் உள்ள குடும்பம் என்றால் 240 ரூபாய்க்கு மேல். தோட்டக் கூலி வாங்குகிற வீட்டில் அது சின்னப் பணம் இல்லை. விமானத்தில் ஏற்றாமல் விட்டால் பயணிக்கு ஈடு. ரயிலில் ஏற்றாமல் விட்டால் பயணியிடம் பிடித்தம். விமானக்காரர் உறுதியான டிக்கெட்டை விற்றுவிட்டுத் தவறினார், ரயில்வே உறுதி இல்லை என்று சொல்லித்தான் விற்றது, இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஈடு தர வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. பயணி ரத்து செய்யவில்லை, ரயில்வேதான் இடமில்லை என்றது. அந்த நிலையில் பிடித்தம் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

ஆளைப் பார்க்காத வரிசை என்று புகழ்ந்தேன். அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே ஆளைப் பார்க்கிற ஒரு வாசலும் இருக்கிறது. எமர்ஜென்சி கோட்டா. மக்கள் பிரதிநிதியின் அல்லது உயர் அதிகாரியின் கடிதத்தோடு விண்ணப்பம் போனால், வெயிட்டிங்கில் 30இல் இருப்பவரும் 3இல் இருப்பவரைத் தாண்டி உள்ளே போகலாம். புற்றுநோய்க்குச் சென்னையில் சிகிச்சை எடுப்பவருக்கும், அப்பா இறந்த செய்தி கேட்டு ஓடுகிறவருக்கும் இப்படி ஒரு வாசல் கட்டாயம் வேண்டும். அது இருப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கடிதம் யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் கேள்வி. கட்சிக்காரரைத் தெரிந்த வீட்டுக்குக் கிடைக்கிறது. மலைக்கிராமத்திலிருந்து இறங்கிவருகிற நோயாளிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் போதும், கடிதம் வேண்டாம் என்று வைத்தால் இந்த வாசல் உரியவருக்குத் திறக்கும்.

சமீபத்தில் வந்த மாற்றங்களில் சிலது உண்மையிலேயே நல்லது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. நான்கு மாதம் முன்பே இடம் பிடித்துவிட்டுப் பிறகு ரத்து செய்கிறவர்கள் குறைந்தால் பட்டியலும் சுருங்கும். அடுத்ததுதான் எங்களுக்கு முக்கியம். முன்பெல்லாம் வண்டி கிளம்ப நான்கு மணி நேரம் இருக்கும்போதுதான் சார்ட் வரும். 2025 ஜூலையில் அதை எட்டு மணி நேரமாக முன்னால் தள்ளினார்கள். நகரத்தில் ஸ்டேஷனுக்கு அரை மணி தூரத்தில் இருப்பவருக்கு இதன் அருமை தெரியாது. கூடலூரில் இருப்பவருக்குத் தெரியும். போடி வண்டி இரவு எட்டரை வாக்கில் புறப்படும். பழைய முறைப்படி நாலரை மணிக்குத்தான் முடிவு தெரியும். கூடலூரிலிருந்து தேனிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. இடம் கிடைக்கவில்லை என்று நாலரைக்குத் தெரிந்து, அதன்பின் ஆம்னி பஸ்ஸில் விசாரித்தால் அன்றைய விலை உச்சியில் இருக்கும். இன்று மதியத்துக்குள் தெரிந்துவிடுகிறது. மாலைப் பயணிகள் வண்டியில் மதுரை போய் அங்கிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸோ வேறு வண்டியோ கிடைக்குமா என்று பார்க்கலாம், பஸ்ஸுக்கும் நேரம் இருக்கிறது. காத்திருப்பவருக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை, 'இடம் இல்லை' என்பதைச் சீக்கிரம் சொல்வது. அதை ரயில்வே செய்திருக்கிறது. பாராட்ட வேண்டும்.

2025 மே முதல் வெயிட்டிங் டிக்கெட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது என்று கெடுபிடி செய்ததைப் பற்றி எனக்கு இரண்டு மனம். கவுண்டரில் எடுத்த டிக்கெட் தானாக ரத்தாகாது என்பதால் அதை வைத்துக்கொண்டு ஏறி, கழிப்பறை வாசலில் துண்டு விரித்துப் படுத்துச் சென்னை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களால் உறுதியான டிக்கெட் வைத்திருந்தவர்களுக்குத் தொந்தரவு இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் அப்படிப் போனதற்குக் காரணம் திமிர் இல்லை, மறுநாள் வண்டி இல்லை. முன்பதிவு இல்லாத பெட்டியில் போகலாம் என்கிறது விதி. பண்டிகை முடிந்த ஞாயிறு இரவில் அந்தப் பெட்டியில் ஒற்றைக் காலில் நிற்கவும் இடம் இருக்காது. கைக்குழந்தைக்காரிக்கு அதை வழி என்று காட்டலாமா?

இப்படி எங்கே சுற்றினாலும் பேச்சு ஜீப் டிரைவர் சொன்னதிலேயே வந்து நிற்கிறது. ஸ்டாண்ட்பை என்பது மணிக்கொரு விமானம் பறக்கிற தடங்களில் வளர்ந்த பழக்கம். ஒன்றில் இடமில்லை என்றால் அடுத்ததில். காத்திருப்பின் செலவு சில மணி நேரம், ஒரு காப்பி. சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே ஒரு நாளில் பல ரயில்கள் ஓடுகின்றன. அங்கே வெயிட்டிங் லிஸ்ட் அதே பொருளில் வேலை செய்கிறது. இடம் கிடைக்காதவருக்கு வேறு வண்டியில் தருகிற விகல்ப் என்ற திட்டத்தை 2015 நவம்பரில் டெல்லியிலிருந்து லக்னோவுக்கும் ஜம்முவுக்கும் போகும் தடங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். நல்ல யோசனைதான். போடியில் அதை எதில் பயன்படுத்துவது? செவ்வாய்க்கிழமை இடம் கிடைக்காதவருக்கு அடுத்த சென்னை வண்டி வியாழன். வியாழன் தவறினால் ஞாயிறு. அதுவும் சேலம், நாமக்கல், கரூர்க்காரர்களும் ஏறுகிற வண்டி. திங்கள் காலை வேலையில் இருக்க வேண்டியவர், செவ்வாய் காலை மருத்துவரைப் பார்க்கச் சீட்டு வாங்கியவர், புதன்கிழமை நீதிமன்றத்தில் நிற்க வேண்டியவர் யாருக்கும் 'பின்னாடி வண்டி வருது' என்று சொல்ல முடியாது. எண் 4 என்றாலும் 44 என்றாலும் அவர்கள் வாழ்க்கையில் அது ஒரு சூதாட்டம்தான். மானமாகச் சம்பாதிக்கிறவரைச் சூதாட வைக்கிற ஏற்பாடு, கணினியில் எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும், இந்த ஊருக்குப் பொருந்திய ஏற்பாடு ஆகாது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்து திரும்புகிறவர்களையும், பொங்கல் முடிந்து சென்னைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குத் திரும்புகிறவர்களையும் தேனி பஸ் நிலையத்தில் பாருங்கள். நள்ளிரவு வரை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரயிலில் இடம் கேட்டுக் கிடைக்காமல் வந்தவர்களும் அதில் இருப்பார்கள். வெயிட்டிங் லிஸ்டின் நீளம் ரயில்வேயிடம் நாள்வாரியாக இருக்கிறது. எந்த இரவு எத்தனை பேர் இடமில்லாமல் ரத்தானார்கள் என்று அவர்களால் ஒரு நொடியில் எடுக்க முடியும். அந்தக் கணக்கைப் பணம் திருப்பித் தருவதற்கு மட்டும் பயன்படுத்தாமல் வண்டி விடுவதற்கும் பயன்படுத்த வேண்டும். ஒரு தடத்தில் பட்டியல் தொடர்ந்து நிரம்பி வழிந்தால் இன்னொரு வண்டி வேண்டும் என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன இருக்கிறது? தினசரி வண்டி வேண்டும் என்று பள்ளத்தாக்கு மக்கள் கேட்பதற்கு ஆதாரமாக மக்களவை உறுப்பினரும் வணிகர் சங்கத்தாரும் அந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். மனுவில் கையெழுத்துகளைவிட அது கனமாக நிற்கும்.

அதுவரைக்கும் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டு, போகவில்லை என்று முடிவானால் அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். எவ்வளவு முன்னால் செய்கிறோமோ அவ்வளவு குறைவாகத்தான் பிடிப்பார்கள். பிடிப்பதைவிட முக்கியம், நீங்கள் விட்ட அந்த நிமிடமே பின்னால் நிற்கிற ஒருவருடைய எண் ஒன்று குறையும். அவர் கூடலூரிலிருந்து இன்னும் கிளம்பாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவராக இருக்கலாம்.